பூவரச மேசையும் மூன்று டிராயர்களும்

கல்யாணமாகி வில்லியனூருக்கு வந்த புதிதில், என் வீட்டுக்காரரை நான் அதிகம் பார்த்தது அவர் தூங்கும்போதுதான். பாண்டிச்சேரியில் ஒரு நூற்பு மில்லில் அவருக்கு பிட்டர் வேலை, மிஷின் பாகங்களைப் பொருத்துவது. நைட் ஷிப்ட். காலையில் ஏழு ஏழரைக்கு சைக்கிளில் வந்து இறங்கும்போது புருவத்திலும் காதோரத்து முடியிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலுக்கு ஒரு கோணிப்பையை மாட்டிவிட்டுப் படுத்துவிடுவார். கோணியின் ஓட்டைகள் வழியாக வெயில் சின்னச் சின்னப் புள்ளிகளாக அவர் முதுகில் விழும். நான் தரையில் துணியை விரித்துக்கொண்டு அந்தப் புள்ளிகள் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்குவதைப் பார்த்தபடி வெட்டிக்கொண்டிருப்பேன். புள்ளிகள் காலுக்கு வந்தால் சோறு வடிக்கும் நேரம்.

நான் பாகூரில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தை விட்டதும் தையல் கற்றேன். தையல் மிஷினோடுதான் புகுந்த வீடு வந்தேன். புகுந்த வீடு என்று சொன்னாலும் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் தகரம் போட்ட ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். மாமியார் மாமனார் கிடையாது. பகல் முழுக்க நாங்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் தூக்கத்தில். கத்தரிக்கோல் சத்தம்கூட அவரை எழுப்பிவிடுமோ என்று மெல்ல மெல்ல வெட்டுவேன்.

எங்கள் பாகூர் வீட்டு வாய்க்கால் ஓரத்தில் ஒரு பெரிய பூவரசு நின்றது. முந்தின வருஷப் புயலில் அது வேரோடு சாய்ந்தது. அப்பா அதைப் பலகையாக அறுத்து, தை மாதம் மாட்டுவண்டியில் அனுப்பிவைத்தார். "கட்டில் செஞ்சிக்கோங்க" என்று வண்டிக்காரரிடம் சொல்லியனுப்பியிருந்தார். பலகைகளைத் தாழ்வாரத்தில் அடுக்கி நடுநடுவே குச்சி வைத்தோம். அன்றிலிருந்து வீட்டில் ஒரு வாசனை. இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. மழை நனைத்த மண்சுவரும் பழுத்த இலையும் கலந்த மாதிரி ஒன்று. அரைத்தூக்கத்தில் அந்த வாசனை வந்தால் நான் பாகூரில் இருப்பதாகவே நினைத்துக்கொள்வேன். கண்ணைத் திறந்தால் இந்த அறை இருக்கும். அதுவும் பிடித்துத்தான் இருந்தது.

சித்திரை மாதம் ஒரு நாள் அவருக்குத் தூக்கம் வரவில்லை. புழுக்கம். படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் முட்டிபோட்டு ஒரு ரவிக்கையை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"இப்படித் தரையிலயே குனிஞ்சிகினு வெட்டுறியே, முதுகு வலிக்காது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பழகிப்போச்சுங்க."

"எழுந்திரு. செவுத்தாண்ட போய் நில்லு."

நின்றேன். என் கையிலிருந்த சுண்ணக்கட்டியையே வாங்கிக்கொண்டு வந்தார். "கைய மடக்கு" என்றார். மடக்கினேன். முழங்கைக்கு ஒரு சாண் கீழே சுவரில் கோடு போட்டார். கோடு போடும்போது அவருடைய விரல் என் முழங்கையைத் தொட்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பகல் வெளிச்சத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"இவ்ளோ ஒசரத்துல ஒரு மேசை இருந்தா நின்னுகினே வெட்டலாமில்ல?"

"அப்பா கட்டிலுக்குன்னு குடுத்தாரு."

"கட்டில் இன்னாத்துக்கு? நான் பகல்ல தரையில தூங்குறேன், நீ ராவுல தரையில தூங்குற. ரெண்டு பேருக்கும் இந்தத் தரை போதும். மேசைதான் வேணும். டிராயர் வைக்கவா?"

"மூணு வைங்க."

"மூணு எதுக்கு?"

"வெட்டின துணிக்கு ஒண்ணு, தெச்சதுக்கு ஒண்ணு."

"மூணாவது?"

"சும்மா இருக்கட்டும்" என்றேன். சிரித்தார். அவருக்குக் கீழ்வரிசைப் பல் ஒன்று மற்றதன்மேல் ஏறியிருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவருக்கு இரும்புதான் தெரியும். மரவேலை தெரியாது. மில்லில் கூட வேலை பார்த்த தவளக்குப்பத்துக்காரர் ஒருவர் வீட்டில் இழைப்புளி, உளி, வாள், மூலைமட்டம் எல்லாம் இருந்தன. அவற்றை ஒரு கோணியில் கட்டி சைக்கிளில் கொண்டுவந்தார். தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் படுக்காமல் தாழ்வாரத்துக்குப் போய்விடுவார். இரண்டு மணி நேரம் வேலை. பிறகுதான் தூக்கம்.

அந்த இரண்டு மணி நேரங்களை நினைத்தால், நான் பார்த்ததா கனவு கண்டதா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் பாதி தூக்கத்தில் இருப்பார். கண் மூடியிருக்கும், கை இழைத்துக்கொண்டிருக்கும். சரக், சரக் என்று இழைப்புளி போய்வரும். சுருள் சுருளாக மரம் உரிந்து அவர் காலடியில் குவியும். பூவரசின் வெளிமரம் வெளுப்பு. உள்ளே போகப்போக வெல்லப்பாகு நிறம். சில இடங்களில் அதைவிடக் கருத்து, புளியைக் கரைத்து ஊற்றிய மாதிரி ரேகை ஓடும். நான் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பலகை வழியாக அந்த அதிர்வு என் கைக்கு வரும். கைவழியாகத் தோளுக்கு வரும். எனக்கும் கண் சொக்கும். ஒரு தடவை இரண்டு பேருமே அப்படியே கண்ணயர்ந்துவிட்டோம். முழித்துப் பார்த்தால் ஒரு கோழி மரச்சுருளைக் கிளறிக்கொண்டு நிற்கிறது. வெயில் பாதி முற்றம் தாண்டிவிட்டது.

தூக்கத்தில் அளவு சொல்லுவார். "பதினாலே கால்... ஒரு நூல் கம்மி..." என்பார். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். அவருக்கு மில்லில் நூல், எனக்கு ஊசியில் நூல், மர அளவிலும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு நூல் என்றுதான் பேர். எந்த நூலைச் சொல்கிறார் என்று தூக்கத்தில் எப்படிக் கேட்பது?

கால்களும் சட்டமும் ஒரு மாதத்தில் நின்றன. மேல்பலகை ஏறியது. டிராயருக்குத்தான் நாளாயிற்று. அடிப்பலகைக்கு மெல்லிசாக ஏதாவது வேண்டும் என்றார். சுல்தான்பேட்டையிலிருந்து வந்து கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் வீட்டு அம்மாவுக்கு நான்தான் துணி தைத்துக் கொடுப்பேன். கேட்டதும் இரண்டு பழைய தேயிலைப் பெட்டிகளை அனுப்பிவைத்தார்கள். அதைப் பிரித்தெடுத்த பிளைவுட்தான் அடிப்பலகை. உள்பக்கம் தேயிலைத்தூள் மூலைமூலையாக ஒட்டியிருந்தது. எவ்வளவு துடைத்தும் வாசனை போகவில்லை.

டிராயரை அவர் செய்த விதத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. மில்லில் தலைமுடியைவிட மெல்லிசான கணக்கில் இரும்பைப் பொருத்துகிறவர் அவர். மரத்திலும் அதே கணக்கு. ஒரு காகிதம்கூட நுழையாது. உள்ளே விடுவார், உரசும். எடுத்து ஒரே ஒரு சீவல் சீவுவார். மறுபடி விடுவார். மறுபடி சீவுவார். ஒவ்வொரு டிராயருக்கும் எட்டு நாள் ஒன்பது நாள் ஆயிற்று.

"இவ்ளோ டைட்டா வைக்கிறீங்களே" என்றேன் ஒரு நாள். "நான் ரவிக்கை தெச்சா அளவுக்கு மேல கொஞ்சம் விட்டுத்தான் தெப்பேன். ஆளு மூச்சு வுடணுமில்ல."

"துணி வேற, மரம் வேற."

"மரமும் ஒரு காலத்துல தண்ணி குடிச்சதுதான?"

"அது செத்துப்போன மரம். காஞ்சிபோச்சி. நீ சும்மா இரு."

சும்மா இருந்தேன். ஏனென்றால் அது அவ்வளவு அழகாக வந்திருந்தது. ஆனி மாதக் கடைசியில் மூன்று டிராயரும் உள்ளே போயின. முதல் டிராயரை விரல் நுனியால் தள்ளினார். அது சத்தமே இல்லாமல் தானாகப் போய் மூடியது. உள்ளே இருந்த காற்றுக்குப் போக வழியில்லை. அது பக்கத்து டிராயரை மெல்ல ஒரு விரல்கடை வெளியே தள்ளியது. இதைத் தள்ளினால் அது வந்தது. அதைத் தள்ளினால் இது வந்தது. மேசைக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு எங்களோடு விளையாடுகிற மாதிரி இருந்தது. அன்று காலை அவர் தூங்கவே இல்லை. தெருவே வந்து பார்த்தது. ஒவ்வொருவராகத் தள்ளிப்பார்த்தார்கள். அவர் ஒரு ஓரமாக நின்று, பஞ்சு ஒட்டிய புருவத்தோடு, யார் முகத்தையும் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆடி, ஆவணி, புரட்டாசி முழுக்க நான் நின்றபடி வெட்டினேன். என் வேலை இரண்டு மடங்காயிற்று. மூன்றாவது டிராயரில் வெட்டி மீந்த துண்டுத்துணிகளைப் போட்டேன். மத்தியானம் வேலை இல்லாதபோது அதைத் திறந்து நிறம் நிறமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐப்பசியில் பாய் வீட்டுப் பெண்ணுக்கு நிக்காஹ் வைத்தார்கள். ஒன்பது ரவிக்கை. அதில் ஒன்று கல்யாணப் புடவைக்கு, பச்சைப் பட்டில் சரிகை போட்டது. ஒன்பதையும் தைத்து, இஸ்திரி போட்டு, நடு டிராயரில் அடுக்கினேன். மழை வந்தால் வீட்டில் மூன்று இடத்தில் ஒழுகும். இருப்பதிலேயே பத்திரமான இடம் அந்த டிராயர்தான். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது.

எங்கள் பக்கத்து மழை தெரிந்தவர்களுக்குத் தெரியும். அது பெய்கிற மழை இல்லை, வந்து தங்குகிற மழை. பகலிலும் விளக்கு ஏற்ற வேண்டியிருக்கும். சுவர் வியர்க்கும், உப்பு நீர்க்கும், நெருப்புப்பெட்டி பற்றாது. புதன்கிழமை சாயங்காலம் அவர் தலையில் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். வியாழக்கிழமை காலை வரவில்லை. பாண்டிச்சேரி ரோட்டில் வாய்க்கால் பாலத்துக்கு மேலே தண்ணீர் போகிறது, பஸ் சைக்கிள் ஒன்றும் இல்லை என்று பால்காரர் சொன்னார். அவர் அந்தக் கரையில். நான் இந்தக் கரையில்.

அன்று மத்தியானம் ரவிக்கைகளை ஒரு தடவை பார்த்துவைப்போம் என்று நடு டிராயரை இழுத்தேன். வரவில்லை. காலைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து இழுத்தேன். அசையவில்லை. முதலாவதும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. மரம் மழையைக் குடித்து உப்பிவிட்டது. மூன்று டிராயரும் மேசையும் சேர்ந்து ஒரே மரக்கட்டையாக ஆன மாதிரி இருந்தது. மழைச்சத்தத்துக்கு நடுவே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய்க்கால் ஓரத்தில் அது மரமாக நின்றபோது எப்படி இருந்ததோ, அப்படித் திரும்பிப் போய்விட்டது என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் பெண்ணின் அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு, புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகியபடி வந்துவிட்டார்கள்.

"இன்னாம்மா, ரெடியா? நாளைக்கு மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்துடுவாங்க."

நான் மேசையைக் காட்டினேன். அழுகைதான் வந்தது. அவர்களும் இழுத்துப் பார்த்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். பிடி கையோடு வந்துவிட்டது.

"ஆசாரியக் கூப்பிடலாமா?"

"அவரு வூடு பள்ளத்துல இருக்குது. இடுப்பளவு தண்ணியாம்."

"அப்ப ஒரு கோடாலிய எடு. முன்பலகைய ஒடச்சிடலாம். பொறவு வேற போட்டுக்கலாம்."

"வேணாம்மா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஒடைக்கக் கூடாது. சாயங்காலம்வரைக்கும் டைம் குடுங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார்கள். என்ன தெரிந்ததோ, குடையை மூலையில் சாய்த்துவிட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். "சரி, இன்னா பண்ணணும் சொல்லு" என்றார்கள்.

அவர் செய்ததைப் பலகையின் மறுமுனையில் உட்கார்ந்து மூன்று மாதம் பார்த்தவள் நான். எது எதற்குள் போகிறது, எங்கே ஆணி, எங்கே வஜ்ஜிரப் பசை என்று கண்ணை மூடினால் தெரிந்தது. மேசையைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பினோம். பின்பலகையில் மட்டும் சின்ன ஆணிகள்தான். உளியை நுழைத்து நெம்பினேன். ஒவ்வொரு ஆணியும் ஈர மரத்திலிருந்து கீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. பலகை கழன்றது. டிராயர்களின் பின்பக்கம் தெரிந்தது. மேலே விரல் விட இடமில்லை, அவ்வளவு நெருக்கம். ஒரு கட்டையை வைத்துச் சுத்தியால் தட்டினேன். அசைவில்லை.

அப்போதுதான் இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்தது. ஈரத்துணி காயவில்லை என்றால் என்ன செய்வேன்? கொட்டாங்கச்சிக் கரியை மூட்டிப் பெட்டியில் போட்டேன். ஒரு பழைய துணியை வைத்து, அதன்மேல் மெல்ல மெல்ல இஸ்திரி போட்டேன். முன்பலகை, பின்பக்கம், டிராயருக்குக் கீழே இருக்கிற சட்டம் என்று ஒன்றையும் விடவில்லை. அந்த அம்மா விசிறியால் கரியை விசிறிக்கொண்டே இருந்தார்கள். மரத்திலிருந்து லேசாக ஆவி எழும்பியது. அறை முழுக்கப் பூவரசு வாசனை. வெளியே மழை, உள்ளே சூடு. மரத்துக்கு ஜுரம் வந்து நாங்கள் ஒத்தடம் கொடுக்கிற மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. ஒரு இடத்தில் பெட்டியை வைத்தபடி கண் செருகிவிட்டேன் போலிருக்கிறது. "ஏம்மா, கருகுது!" என்று கத்தினார்கள். தூக்கிப் பார்த்தால் பெட்டியின் மூக்கு முன்பலகையில் பழுப்பாகப் பதிந்திருந்தது.

"உங்க வூட்டுக்காரரு வேலைய ரொம்பக் கெட்டியா செய்வாரு போல."

"ஆமாம்மா."

"கெட்டியா செய்றது தப்பில்ல. தொறக்கவும் தொறக்கணுமில்ல."

எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கட்டையை வைத்து மறுபடி தட்டினேன். டிராயர் ஒரு முனகலோடு விரல்கடை நகர்ந்தது. இன்னொரு தட்டு, இன்னொரு விரல்கடை. நாலாவது தட்டில் அந்த அம்மா முன்னால் நின்று இரண்டு கையாலும் பிடித்து இழுத்துவிட்டார்கள்.

ஒன்பது ரவிக்கையும் காய்ந்து, மடிப்புக் கலையாமல் இருந்தன. அந்தப் பச்சைப் பட்டை எடுத்து முகத்தருகே கொண்டுபோனவர்கள் புருவத்தைச் சுருக்கினார்கள். "இன்னா, டீக்கடை வாசனை வருது?" பிறகு அவர்களுக்கே புரிந்துவிட்டது. "நம்ம கடை பெட்டிதான! நல்லா இருக்குது, போ. பொண்ணு போற எடத்துலயும் நம்ம கடை வாசனை இருக்கட்டும்." ரவிக்கைகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்கள்.

மற்ற இரண்டு டிராயரையும் அதே மாதிரி எடுத்துச் சுவரோரம் சாய்த்தேன். அவர் சனிக்கிழமை மத்தியானம் வந்தார். பாலத்தில் தண்ணீர் வடிந்ததும் நடந்தே வந்திருக்கிறார். இடுப்புவரை சேறு. இரண்டு நாள் மழையில் பஞ்செல்லாம் போய் முகம் வேறு யாரோ மாதிரி இருந்தது. வாசலில் நின்றபடியே மேசையைப் பார்த்தார். முதுகில்லாத மேசை. வரிசையாக நிற்கிற டிராயர்கள். முன்பலகையில் சூட்டுத் தழும்பு.

நடந்ததைச் சொன்னேன். கடைசிவரை கேட்டார். குளித்தார், சாப்பிட்டார், கோணியை மாட்டிவிட்டுப் படுத்தார். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நான் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மனுஷன் மூன்று மாதத் தூக்கத்தைக் கொடுத்துச் செய்ததை நான் அரை நாளில் பிரித்துப் போட்டிருக்கிறேன். இரண்டும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், நனைந்த சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் எழுந்தார். டிராயர்முன் குந்திக்கொண்டு, பக்கப்பலகையில் கட்டைவிரலை ஓட்டினார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. என் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்.

"எவ்ளோ வுடணும்?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"ரவிக்கைக்கு வுடுவேன்னியே. இதுக்கு எவ்ளோ வுடணும்?"

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மேல ஒரு நூல். பக்கத்துல அரை நூல் போதும்" என்றேன். குத்துமதிப்பாகத்தான் சொன்னேன். அவர் இழைப்புளியை எடுத்தார். எடுத்து, என் கையில் கொடுத்தார்.

"நீயே சீவு. எனக்குக் கை வராது."

தை பிறந்து மரம் காய்ந்ததும் சீவினேன். மூன்று டிராயரும் மறுபடி உள்ளே போயின. எந்த மழைக்கும் அதன்பிறகு அவை மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் காற்றுக்குப் போக வழி கிடைத்துவிட்டது. ஒன்றைத் தள்ளினால் இன்னொன்று வருகிற அந்த விளையாட்டு நின்றுபோயிற்று. அவர் சில நாள் காலையில் வந்ததும் முதல் டிராயரைத் தள்ளிவிட்டு, பக்கத்து டிராயரைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு சாப்பிட உட்கார்ந்துவிடுவார். நானும் அவர் இல்லாதபோது அப்படித் தள்ளிப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கோடையில் ஆரம்பப்பள்ளி டீச்சரம்மா ஒருவர் துணி தைக்கக் கொடுக்க வந்தார். மேசையைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, தனக்கும் பரீட்சைத்தாள் திருத்த இப்படி ஒன்று வேண்டும் என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மரத்தை டீச்சரம்மாவே கொடுத்தார், வேம்பு. இந்தத் தடவை சட்டமும் காலும் என் வீட்டுக்காரர் செய்தார், டிராயர் இரண்டும் நான் செய்தேன். காலையில் அவர் வந்ததும் சேர்ந்து உட்காருவோம். அவர் பாதி தூக்கத்தில், நான் பாதி சமையலில். ஆறு வாரத்தில் முடிந்தது. ஒரு நாள் முற்பகலில் மாட்டுவண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. வண்டி கோயில் தெரு திரும்புகிற வரைக்கும் இரண்டு பேரும் வாசலில் நின்றோம்.

"மழைக்காலத்துல கொஞ்சம் பார்த்து இழுக்கச் சொன்னியா?" என்று கேட்டார்.

"சொன்னேங்க."

தாழ்வாரத்துக்கு வந்தால் அந்த இடம் பெரிதாகத் தெரிந்தது. வேப்பமரச் சுருள் கணுக்கால் அளவு கிடந்தது. கூட்டலாம் என்று துடைப்பத்தை எடுத்தேன். "இருக்கட்டும், அப்பறம் கூட்டிக்கலாம்" என்று அவர் அதன்மேலேயே பாயை விரித்துவிட்டார். படுத்துப் பார்த்தால் பஞ்சு மெத்தை தோற்றது. அசைந்தால் உள்ளே மொறுமொறுவென்று சத்தம். மர நிழல் முற்றத்தில் அசைந்துகொண்டிருந்தது. எங்கோ தூரத்தில் ரயில் வில்லியனூர் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவர் ஏதோ அளவு சொன்னார். என்ன அளவு என்று கேட்க நினைத்தேன், கேட்டேனா என்று தெரியவில்லை.

கண் விழித்தபோது கருக்கல். பக்கத்து வீட்டில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். இரண்டு பேர் தலைமுடியிலும் சுருள். ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. நான் பதறி எழுந்து சோற்றுப் பானையைத் தேடினேன். அவர் எழுந்திருக்கவில்லை. கையைத் தலைக்கு அண்டை கொடுத்துக்கொண்டு, "இன்னிக்கு நான் போவல" என்றார்.

கல்யாணமாகி அன்றுதான் முதல் முதலாக அவர் ஷிப்டை விட்டார்.